ஈர விறகும் கேட் தேர்வும்

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் தமிழ்வழிப் பிள்ளைகளிடம் எந்தப் பகுதி பயமாக இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "கணக்கைச் சமாளிச்சுடுவேன் சார், வெர்பல்தான் இடிக்குது." சொன்ன கையோடு ஒரு வேர்டு லிஸ்டை இறக்கி வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் இனி ஒருமுறைகூடப் பயன்படுத்தப்போகாத ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். வார இறுதிகளில் இப்படிச் சிலரோடு உட்கார்ந்து கேள்விகளை அலசுவது எனக்குப் பல வருடப் பழக்கம். முதல் வேலையாக அந்த லிஸ்டை மூடி வைக்கச் சொல்வேன். இரண்டாவது வேலையாக, வெர்பல் என்பதை ஆங்கிலப் பாடம் என்று நினைப்பதை நிறுத்தச் சொல்வேன். முதலாவதைக் கேட்டுக்கொள்வார்கள். இரண்டாவதை நம்ப வைக்கக் கொஞ்ச நாள் ஆகும்.

நம்பாதவர்கள், ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் தேர்வின் 2024 தாளை எடுத்துப் பார்க்கலாம். வெர்பல் பகுதியில் 24 கேள்விகள், 40 நிமிடம். அதில் 16 கேள்விகள் நான்கு நீண்ட பத்திகளைப் படித்துப் பதில் சொல்லும் ஆர்.சி. மிச்சம் எட்டும் வாக்கியங்களை வரிசைப்படுத்து, பத்தியின் சாரத்தைத் தேர்ந்தெடு, விடுபட்ட வாக்கியம் எங்கே பொருந்தும் என்று சொல் என்கிற வகையறா. இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எதிர்ச்சொல் என்ன, இந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எங்கே என்பதற்கெல்லாம் அங்கே இடமே இல்லை. வெளிநாட்டு எம்.பி.ஏ.வுக்குப் பெரும்பாலும் எழுதப்படும் ஜிமேட் இன்னும் வெளிப்படையாகவே நடந்துகொண்டது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில், பல தலைமுறை மாணவர்களைப் படாதபாடு படுத்திய, வாக்கியப் பிழை திருத்தும் சென்டென்ஸ் கரெக்‌ஷனை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள். இப்போது அங்கே வெர்பல் என்றால் 45 நிமிடத்தில் 23 கேள்விகள், ஆர்.சி.யும், சின்னச் சின்ன வாதங்களை அலசும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும் மட்டும்தான். தமிழ்நாட்டின் டான்செட் போன்ற தேர்வுகளில் ஆங்கில இலக்கணக் கேள்விகள் இன்னும் உண்டு, மறுக்கவில்லை. அதற்குப் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தை ஒழுங்காகப் புரட்டினாலே போதும்.

ஆக, சோதிக்கப்படுவது தர்க்கம்தான். அது ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவே. சட்டையைக் கழற்றிப் பார்க்க ஆங்கிலம் வேண்டும் என்பது உண்மை. வாசிக்கும் வேகம் இல்லாமல் நான்கு பத்திகளை முடிக்க முடியாது. ஆனால் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களும் இந்தப் பகுதியில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது ஆங்கிலத்தால் அல்ல. நான் பார்த்தவரை, தவறான விடைகளை உட்காரவைத்து விசாரித்தால் பாதிக்கு மேல் தமிழில் கேட்டிருந்தாலும் தவறாகவே வந்திருக்கும். அதனால்தான் நான் முதல் சில வாரங்களுக்குக் கேள்விகளைத் தமிழிலேயே கேட்பேன். இங்கேயும் அப்படியே செய்கிறேன்.

நம் பழைய தருக்க சாத்திரத்தில் தேய்ந்துபோன உதாரணம் ஒன்று உண்டு. மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. இது சரி. இதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு இருக்கிறது, ஆகவே புகை இருக்கும் என்றால்? சரிதானே என்றுதான் மனசு சொல்லும். தருக்கவாதிகள் ஒத்துக்கொள்ளவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டைக் காட்டினார்கள். அதில் நெருப்பு உண்டு, புகை கிடையாது. அப்படியானால் நெருப்பிலிருந்து புகைக்குப் போவதற்கு இடையில் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது: விறகு ஈரமாக இருக்க வேண்டும். அந்த மறைந்திருக்கும் நிபந்தனைக்கு அவர்கள் வைத்த பெயர் உபாதி.

கிரிட்டிக்கல் ரீசனிங் கேள்விகளில் முக்கால்வாசி இந்த ஈர விறகைத் தேடுகிற வேலைதான். அசம்ப்ஷன், அதாவது வாதம் சொல்லாமல் நம்பியிருக்கும் அனுமானம், எது என்று கேட்டால் ஈர விறகு எது என்று கேட்கிறார்கள். வாதத்தைப் பலவீனப்படுத்து என்றால் விறகு காய்ந்ததுதான் என்று காட்டச் சொல்கிறார்கள். பலப்படுத்து என்றால் ஈரம் உண்டு என்பதற்குச் சாட்சி கொண்டுவரச் சொல்கிறார்கள். மூன்று தனித்தனி கேள்வி வகைகள் என்று கோச்சிங் புத்தகங்கள் தனித்தனி அத்தியாயம் போட்டிருக்கும். பக்கம் நிரப்ப வேண்டுமே.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு நகராட்சி பேருந்துக் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தது. அடுத்த மூன்று மாதங்களில் பயணிகள் எண்ணிக்கை 20 விழுக்காடு கூடியது. ஆகவே பயணிகள் கூடியதற்குக் கட்டணக் குறைப்பே காரணம். இந்த வாதத்தை மிக அதிகமாகப் பலவீனப்படுத்துவது எது?

அ) கட்டணக் குறைப்பால் பேருந்து நிர்வாகத்தின் வருமானம் குறைந்தது.
ஆ) கட்டணம் குறைக்கப்படாத பக்கத்து நகரத்திலும் அதே மூன்று மாதங்களில் பயணிகள் ஏறக்குறைய அதே அளவு கூடினார்கள்.
இ) புதிதாக வந்த பயணிகளில் ஒரு பகுதியினர் மாணவர்கள்.
ஈ) கூட்டம் அதிகமானதால் பயணம் வசதியாக இல்லை என்று பலர் புகார் செய்தார்கள்.

கணக்கில் கெட்டிக்காரர்கள் பெரும்பாலும் விழுவது 'அ'வில். ஏனென்றால் அது உண்மை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பாதிக் கட்டணம், 1.2 மடங்கு பயணிகள், ஆக வருமானம் பழைய வருமானத்தில் 60 விழுக்காடு. கணக்குப் பொருந்திவந்ததும் ஒரு மகிழ்ச்சி, கை தானாக அங்கே போய்விடும். ஆனால் வாதம் வருமானத்தைப் பற்றியதே இல்லையே. பயணிகள் ஏன் கூடினார்கள் என்பதுதான் பேச்சு. 'ஈ' அந்தத் திட்டத்தைக் குறை சொல்கிறது. திட்டத்தைக் குறை சொல்வதும் வாதத்தைக் குறை சொல்வதும் வேறு வேறு. 'இ' யார் வந்தார்கள் என்று சொல்கிறது, ஏன் வந்தார்கள் என்று சொல்லவில்லை. மிஞ்சுவது 'ஆ'. கட்டணத்தைத் தொடாத ஊரிலும் அதே ஏற்றம் என்றால் பள்ளி திறந்திருக்கலாம், பெட்ரோல் விலை ஏறியிருக்கலாம், என்னவோ ஒன்று இரண்டு ஊருக்கும் பொதுவாக நடந்திருக்கிறது. 'வேறு எந்தக் காரணமும் இல்லை' என்பதுதான் இங்கே ஈர விறகு. அதில்தான் 'ஆ' கை வைக்கிறது.

கவனித்தீர்களா, சரியான விடைக்கு ஒரு வரி போதும். தவறான மூன்றுக்குத்தான் விளக்கம் நீண்டது. இந்தத் தேர்வுகளைத் தயாரிப்பவர்களின் உழைப்பெல்லாம் அந்த மூன்றில்தான் போகிறது. நம் பயிற்சியும் அங்கேதான் போக வேண்டும்.

ஆர்.சி.யிலும் இதே கதைதான். ஒரு சின்னப் பத்தி:

"பழைய கடல் வரைபடங்களில் கடற்கரை மிக நுணுக்கமாக இருக்கும். உள்நாடோ வெறுமையாகக் கிடக்கும், இல்லாவிட்டால் கற்பனை விலங்குகள் உலவும். இதை அறியாமை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரைபடங்களை நம்பிப் புறப்பட்டவன் மாலுமி. துறைமுகம் எங்கே, பாறை எங்கே என்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அந்த வெறுமை பல நேரம் தெரியாமையைக் காட்டவில்லை, தேவையின்மையைக் காட்டியது."

இந்த ஆசிரியர் எதை ஒத்துக்கொள்வார்? முதல் ஆப்ஷன்: அன்றைய வரைபடக்காரர்களுக்கு உள்நாட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டாவது: ஒரு வரைபடத்தில் எது இல்லை என்பதை மட்டும் வைத்து வரைந்தவரின் அறிவை எடைபோட முடியாது. மூன்றாவது: கற்பனை விலங்குகள் மாலுமிகளை எச்சரிப்பதற்காக வரையப்பட்டன. நான்காவது: பழைய வரைபடங்கள் இன்றையவற்றைவிட மாலுமிகளுக்கு அதிகம் பயன்பட்டன.

நான்காவதை எல்லோரும் தள்ளிவிடுவார்கள். இன்றைய வரைபடங்கள் பேச்சிலேயே வரவில்லை. மூன்றாவது எங்கேயோ படித்த ஞாபகத்தைக் கிளறிவிடும், பத்தியில் அதற்கு ஆதாரம் கிடையாது. உண்மையான பொறி முதல் ஆப்ஷன். ஆசிரியர் 'அறியாமை இல்லை' என்கிறார், அப்படியானால் 'அறிவு உண்டு' என்கிறாரா? இல்லை. அவர் 'பல நேரம்' என்று ஒரு சின்ன முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். தெரியாமலும் இருந்திருக்கலாம், தெரிந்தும் விட்டிருக்கலாம், வெறுமையைப் பார்த்து எது என்று முடிவுகட்ட முடியாது என்பதுதான் அவர் நிற்கிற இடம். இரண்டாவது ஆப்ஷன் அந்த இடத்தைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. கொஞ்சம் உப்புச்சப்பில்லாமல்கூடத் தெரியும். ஆர்.சி.யில் சரியான விடைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சுவாரசியமான ஆப்ஷனைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

இங்கே நன்றாகப் படித்தவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. பொருளாதாரம் படித்தவருக்குப் பொருளாதாரப் பத்தி வந்தால் ஆபத்து. பத்தி சொல்லாததையெல்லாம் அவர் மனசு நிரப்பிக்கொள்ளும். தெரிந்த விஷயத்தில் பத்தி வரும்போது இன்னும் மெதுவாகப் படியுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வில் அடி வாங்கிய பிறகு கேட்பார்கள்.

கலைத்துப் போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தும் பாராஜம்பிள் என்றால் பலருக்கு அலர்ஜி. 2015-லிருந்து கேட் தேர்வில் இதற்கு ஆப்ஷனும் இல்லாமல் போனது. வரிசையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எண் மாறினாலும் மதிப்பெண் பூஜ்யம். ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

1. அந்த ஆட்டத்தின் கோணம் பூ இருக்கும் திசையையும், ஆடும் நேரம் தூரத்தையும் குறிக்கிறது.
2. பூக்கள் நிறைந்த இடத்தைக் கண்டுவந்த தேனீ, கூட்டுக்குள் ஒரு விதமாக ஆடுகிறது.
3. ஆனால் கூட்டுக்குள் இருட்டு. மற்றத் தேனீக்கள் அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது.
4. உடலால் தொட்டும் அதிர்வை உணர்ந்துமே அவை செய்தியைப் பெற்றுக்கொள்கின்றன.

இரண்டில்தான் தொடங்க வேண்டும். 'அந்த ஆட்டம்' என்று சொல்ல ஆட்டம் முதலில் வந்தாக வேண்டும். மூன்றும் நான்கும் ஒட்டிப் பிறந்தவை. நான்கில் வரும் 'அவை' மூன்றில் இருக்கும் 'மற்றத் தேனீக்கள்'. இதுவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். இப்போது முதல் வாக்கியத்தை எங்கே வைப்பது? 2-1-3-4 ஒரு வழி. 2-3-4-1 இன்னொரு வழி, அதுவும் காதுக்கு உறுத்தாது. ஆடுகிறது, ஆனால் இருட்டு, தொட்டுத் தெரிந்துகொள்கின்றன, அந்த ஆட்டத்தின் கோணம் இதைக் குறிக்கிறது. என்ன குறை? நான்கில் 'செய்தி' என்றொரு சொல் இருக்கிறது. ஆட்டம் ஒரு செய்தி என்பது முதல் வாக்கியத்தில்தான் தெரியவருகிறது. அதைச் சொல்லாமல் 'செய்தியைப் பெறுகின்றன' என்றால் வாசகர் எந்தச் செய்தி என்று கேட்பார். ஆகவே 2-1-3-4.

'அந்த', 'அவை', 'ஆனால்' போன்ற வெளிப்படையான கொக்கிகளை எல்லாப் புத்தகமும் சொல்லிக்கொடுக்கும். அவற்றால் வாக்கியங்கள் ஜோடி சேரும், முழு வரிசை சேராது. 'செய்தி' மாதிரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சொல்தான் கடைசி முடிச்சை அவிழ்க்கும். ஒவ்வொரு வாக்கியத்திடமும் 'உனக்கு முன்னால் எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?' என்று கேட்கப் பழகினால் அந்தச் சொல் கண்ணில் படும். கேட்டுக் கேட்டுத்தான் பழகும், வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம், வாசித்துப் புரிந்துகொள்வதற்கும், சில நிபந்தனைகளைக் கொடுத்து அவற்றை வைத்துப் பல கேள்விகள் கேட்கும் ரீசனிங் செட்டுகளுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது: 'என்றால்' என்கிற வாக்கியங்கள். 1966-ல் பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் நான்கு அட்டைகளை வைத்து ஒரு புதிர் போட்டார். தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரியும் பக்கங்களில் இருப்பவை அ, க், 4, 7. விதி: ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண். விதி மீறப்படவில்லை என்று உறுதிசெய்ய எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்?

பெரும்பாலோர் 'அ'வை மட்டும் சொல்வார்கள், அல்லது 'அ'வும் 4-ம் என்பார்கள். சரியான விடை 'அ'வும் 7-ம். 4-க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. இரட்டைப்படை என்றால் உயிரெழுத்து என்று யாரும் சொல்லவில்லை. 7-க்குப் பின்னால் ஓர் உயிரெழுத்து இருந்துவிட்டால் விதி போச்சு. 4-ஐத் திருப்புவது, நெருப்பைப் பார்த்துப் புகையைத் தேடுகிற அதே வேலை.

இதில் எனக்குப் பிடித்த பகுதி பின்னால் வருகிறது. 1982-ல் அமெரிக்காவில் இதே புதிரைக் கதை மாற்றிப் போட்டார்கள். பீர் குடிப்பவர் என்றால் 19 வயது தாண்டியிருக்க வேண்டும். நான்கு பேர்: ஒருவர் பீர் குடிக்கிறார், ஒருவர் கோக் குடிக்கிறார், ஒருவருக்கு 22 வயது, ஒருவருக்கு 16. யாரைச் சோதிப்பீர்கள்? பீர் குடிப்பவரையும் 16 வயதுக்காரரையும் என்று பெரும்பாலோர் பட்டென்று சொல்லிவிட்டார்கள். புதிரின் எலும்புக்கூடு ஒன்றேதான், துளி மாற்றம் கிடையாது. விதியை மீறுபவனைப் பிடி என்று கேட்டால் நம் மூளை சுறுசுறுப்பாகிவிடுகிறது.

இதைப் பயிற்சியில் அப்படியே பயன்படுத்தலாம். 'ரவி குழுவில் இருந்தால் மட்டுமே மாலா இருப்பாள்' என்று ரீசனிங் செட்டில் ஒரு நிபந்தனை வந்து தலை சுற்றினால், யார் இருந்து யார் இல்லாவிட்டால் இந்த விதி மீறப்படும் என்று கேளுங்கள். மாலா இருக்கிறாள், ரவி இல்லை: அதுதான் ஒரே மீறல். ரவி மட்டும் இருந்தால் தப்பே இல்லை. அம்புக்குறி போட்டுக் குழம்புவதைவிட இது வேகம்.

பயிற்சி எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். எத்தனை கேள்வி போட்டேன் என்று எண்ணுவது இந்த உலகத்தின் பெரிய வியாதி. விடைத்தாளைப் பார்ப்பதற்கு முன்னால், தள்ளிய மூன்று ஆப்ஷன்களையும் ஏன் தள்ளினேன் என்று ஒவ்வொன்றுக்கும் அரை வரி எழுதிவைக்கச் சொல்வேன். 'பத்தியில் இல்லை', 'ரொம்ப அதிகமாகச் சொல்கிறது', 'வேறு கேள்விக்கான பதில்', 'உண்மைதான், ஆனால் சம்பந்தமில்லை'. அதன்பிறகு விடையைப் பார்க்க வேண்டும். விடை சரி, காரணம் தவறு என்று வருகிற கேள்விகள்தான் தங்கம். அவற்றை மாக் டெஸ்ட் மதிப்பெண் காட்டிக்கொடுக்காது, நாமாகத் தோண்டினால்தான் உண்டு. ஒரு மணி நேரம் கேள்வி போட்டால் அலச ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அலசல் நோட்டில் 'சில்லி மிஸ்டேக்' என்று எழுதுவதற்கு மட்டும் தடை. அது ஒரு காரணமே கிடையாது.

ஆப்ஷன்களைத் தள்ளும் திறமைக்கு நேரடியாக மதிப்பெண் உண்டு என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கேட் தேர்வில் ஆப்ஷன் உள்ள கேள்விக்குச் சரி என்றால் 3, தவறு என்றால் கழித்தல் 1. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சராசரி வரவு பூஜ்யம்: கால்வாசி நேரம் 3, முக்கால்வாசி நேரம் கழித்தல் 1. ஓர் ஆப்ஷனை உறுதியாகத் தள்ளிவிட்டால் சராசரி மூன்றில் ஒரு மதிப்பெண் லாபம். இரண்டைத் தள்ளிவிட்டால் ஒரு முழு மதிப்பெண். 'நெகட்டிவ் இருக்கே, விட்டுடலாம்' என்று இரண்டு ஆப்ஷனில் மாட்டிக்கொண்ட கேள்வியை விடுவது பணிவு போலத் தெரியும், கணக்கில் நஷ்டம். ஆப்ஷன் இல்லாமல் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்கு நெகட்டிவ் கிடையாது, அதனால் பாராஜம்பிளைக் காலியாக விடுவதற்குக் காரணமே இல்லை.

கேள்விகளுக்கு எங்கே போவது? பழைய கேட் தாள்கள் முதலில். கிரிட்டிக்கல் ரீசனிங்குக்கு ஜிமேட் நடத்துபவர்களே வெளியிடும் அஃபிஷியல் கைடு. அது முடிந்துவிட்டால் அமெரிக்கச் சட்டப் படிப்புக்கான எல்சாட்டின் லாஜிக்கல் ரீசனிங் கேள்விகள்; கொஞ்சம் கடினம், ஆனால் தவறான ஆப்ஷன்களைச் செதுக்குவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஏ.ஐ.யிடம் கேள்வி தயாரிக்கச் சொல்லிப் பழகுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். பத்தி அழகாக வருகிறது, சரியான விடையும் வருகிறது. தவறான ஆப்ஷன்கள் மட்டும் பல்லிளிக்கின்றன. தவறான ஆப்ஷன் சொதப்பல் என்றால் அந்தக் கேள்வியால் பயன் இல்லை. நீங்கள் எழுதிவைத்த காரணங்களை அதனிடம் கொடுத்து ஓட்டை பிடிக்கச் சொன்னால், அதற்குப் பரவாயில்லை.

ரீசனிங் செட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. அங்கே பாதி வெற்றி எந்த செட்டை விடுவது என்பதில் இருக்கிறது. எல்லா செட்டையும் முதல் சில நிமிடங்களில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பத்து நிமிடம் போட்டும் அட்டவணை நகராவிட்டால், போட்ட உழைப்பைப் பார்த்துப் பாவப்படாமல் வெளியே வாருங்கள். வீட்டில் அதே செட்டை நேரக் கணக்கு இல்லாமல் முடித்தே தீருங்கள். வீட்டில் பாதியில் விடுபவர்களுக்கு, அரங்கத்தில் எதை விடுவது என்று தெரியாது.

கேட் தேர்வில் பகுதிகளின் வரிசையை நாம் மாற்ற முடியாது. வெர்பல்தான் முதலில் வரும். திரையைத் திறந்த மறுநிமிடம் அறிமுகமே இல்லாத ஒரு பத்திக்குள் குதிக்க வேண்டும். தேர்வு ஒரே நாளில் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளைகளில் நடக்கிறது. உங்களுக்கு எந்த வேளை என்பது அட்மிட் கார்டு வந்தால்தான் தெரியும். வந்த நாளிலிருந்து மாக் டெஸ்ட்டை அதே நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். தேர்வன்று கிளம்பும்போது ஏதாவது ஓர் ஆங்கிலக் கட்டுரையை, கேள்வி எதுவும் இல்லாமல், முழுசாக ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். முதல் பத்தியை இரண்டு தடவை படிக்கிற அந்த மூன்று நிமிடம் மிச்சமாகும்.